காகிதத்தின் வாய்

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் துக்கம் கேட்கக்கூட வீட்டைவிட்டு இறங்க முடியவில்லை. பிப்ரவரியில் ஒருவன் செத்திருப்பான். வருஷம் முடியப் போகிற நேரத்தில், எங்கள் வீட்டில் சாவு, புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வேண்டாம் என்று அந்த வீட்டிலிருந்து சாம்பல் கோடு போட்ட அட்டை ஒன்று வரும். அட்டையைப் பார்த்துத்தான் இவர்களுக்கு ஆள் செத்ததே தெரியும். எழுந்து போய், அந்த வீட்டில் செத்தவர் படம் வைத்த மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் ஊதுவத்தி ஏற்றினால் என்ன? மாட்டார்கள். போனை எடுத்து நாலு தட்டுத் தட்டினால் குசாகாபே கடையிலிருந்து பூ வரைந்த மெழுகுவத்தி இரண்டு, பெட்டியில் போட்டு, காகிதம் சுற்றி, இவர்கள் பேர் எழுதிப் போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் கீழே ஒரு வரி எழுதுவார்கள்: பார்க்க அழகாக இருக்கட்டும்.

அழகாக. செத்த வீட்டுக்கு.

மருமகள் ஷிஹோ அந்த வரியைப் படித்துக் காட்டும்போதெல்லாம் தொமேஸோவுக்கு எரியும். எரிந்து என்ன, குசாகாபே அவருடைய கடை, கட்டுகிறது அவர் கைதான். எழுபத்தாறு வயதில் ஐம்பத்தெட்டு வருஷம் அந்தப் பின்னறையில் காகிதம் மடித்திருக்கிறார். பள்ளிக்கூடம் என்று பேருக்குப் போனது உண்டு. பனி விழுந்தால் போகமாட்டார், அந்த ஊரில் நாலு மாதம் பனி. வாசிக்க வரும், மெதுவாக. ஆனால் ஒரு பெட்டியைக் காகிதத்தின் மேல் குறுக்காக வைத்து, மூன்று புரட்டுப் புரட்டி, ஒரே ஒரு துண்டு டேப்பில் நிறுத்த அவருக்கு மூச்சு இரண்டு இழுக்கிற நேரம் போதும். பெட்டியின் முதுகில் காகிதம் வந்து சேருகிற இடத்தில் பை மாதிரி ஒரு வாய் விழும். நல்ல காரியத்துக்கு அந்த வாய் மேலே பார்க்க வேண்டும். வருகிற நல்லது உள்ளே தங்கும். சாவுக்கு வாய் கீழே பார்க்க வேண்டும்; கண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். வாங்குகிறவர் பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். அந்த ஊரில் அப்படித்தான்.

பனிக்காலத்தில் மாடத்துக்கு வைக்கப் பூ கிடைக்காது என்பதால் மெழுகுவத்தியின் மேலேயே பூ வரைந்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஷிஹோ வரைவாள். சாமந்தி, பிளம், கமேலியா. தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மெழுகுவத்தியை இடது கையில் உருட்டியபடி வரைவாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட வேலை. பதினாறு வருஷம் ஆகிறது. அதில் கடைசி மூன்று வருஷம் புருஷன் இல்லாமல்.

புருஷன் கோஹெய், தொமேஸோவின் ஒரே பிள்ளை. மூன்று பனிக்காலத்துக்கு முன்னால், இதே டிசம்பரில், கூரைப் பனி தள்ள ஏறினவன் வழுக்கிக் கீழே விழுந்து, மேலேயிருந்து சரிந்த பனியும் சேர்ந்து மூடி, தோண்டி எடுக்கும்போது ஆள் இல்லை. கூரையில் ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எப்போதும் தொமேஸோதான் நிற்பார். அன்றைக்கு, இன்னும் இருபத்தெட்டுப் பெட்டி இருக்கிறது, அரை மணி நேரம் பொறு, வருகிறேன் என்றார். அவன் பொறுக்கவில்லை. இருபத்தெட்டும் சாவு வீட்டுப் பெட்டிகள். எத்தனையாவது பெட்டியில் அந்தச் சத்தம் கேட்டது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. வெளியே ஒரு மூட்டை விழுந்ததுபோலக் கேட்டது. கையிலிருந்த பெட்டியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஷிஹோ கேட்டதும் இல்லை. அதற்குப் பிறகு சோறு சோறாக இருந்தது, சாறு சாறாக இருந்தது, பனி வந்து போனது. அழுகை வரும் என்று ஊரார் காத்திருந்தார்கள். வரவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொட்டதுபோல இருக்குமே, அப்படியே மூன்று வருஷம் போய்விட்டது.

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலச் சாப்பாட்டின்போது ஷிஹோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு இகராஷியைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று சொன்னாள். இகராஷி என்பவன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். நாற்பத்தாறு வயது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அன்றைக்குக் கட்டின பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவான். ஒன்பது வருஷமாக வருகிறான். தொமேஸோவுக்கு அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவன் காலணியைக் கழற்றினால் நேராக வைக்கமாட்டான் என்பதுதான்.

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, முள்ளங்கி ஊறுகாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவள் எழுந்து போய் எடுத்து வந்தாள். இகராஷி இந்த வீட்டுக்கே வந்து இருக்கத் தயார், கடையையும் பார்த்துக்கொள்வான் என்று அவள் மறுபடி சொன்னபோது, கோஹெய் இருந்த அறையில் இன்னொருத்தன் செருப்பைக் கழற்றக்கூடாது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்படியானால் அவள்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இகராஷி வீட்டுக்குப் போக வேண்டும். தினமும் காலையில் கடைக்கு வருவேன், வேலை நிற்காது என்றாள். அவர் நம்பவில்லை. முதல் மாதம் வருவாள். பிறகு பனி, பிறகு ஜுரம், பிறகு அந்த வீட்டு வேலை. தெரியாதா?

இகராஷிக்கு ஒரு தாயார் உண்டு, ஃபுமி என்று பேர். பெர்சிமன் பழத்தோப்பு வைத்திருக்கிறவள். அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. பதினாறு வருஷம் இருந்த வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. அந்த வீட்டுப் பெரியவர் விருந்துக்கு வந்து, அவர் கையால் கட்டின பரிசை அவர் கையாலேயே தர வேண்டும். துரத்திவிட்ட வீட்டிலிருந்து வந்தவள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. பெரியவர் வரவில்லை என்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம். மகனிடம் இப்படிச் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டாளாம். சொன்னால் சொன்னதுதான், மாறுகிற ஆள் இல்லை என்று இகராஷி ஷிஹோவிடம் சொல்லியிருந்தான்.

விருந்து டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி, முப்பத்தாறு. கமேலியா வரைந்த மெழுகுவத்தி இரண்டிரண்டு, ஷிஹோ தானே வரைந்தது. கட்டுவதையும் அவளே செய்துகொள்ளலாம். மூன்று வருஷமாக நல்ல காரியப் பெட்டிகளை அவள்தான் கட்டுகிறாள். சாவு நடந்த வருஷத்தில் அந்தக் கடை கல்யாண ஆர்டர் எடுக்கவில்லை, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அவர் கண்ணில் படாமல் அவளே முடித்துவிடுவாள். ஆனால் இந்த முப்பத்தாறையும் கொண்டுவந்து அவர் முன்னால் அடுக்கினாள்.

“மாமா, இதை நீங்கதான் கட்டணும்.”

“வையி.”

“ஞாயித்துக்கெழமை வருவீங்கல்ல?”

“முதல்ல கட்டுறேன். அப்புறம் பாப்போம்.”

வியாழக்கிழமை கட்டினார். பனி காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் முனகியது. டிசம்பர் மாத உதவிக்கு வருகிற பக்கத்துத் தெரு ஹத்சுயோ எதிரில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு முகவரி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளும் விதவை, அறுபதைத் தாண்டியவள், வாய் ஓயாது. பெட்டியின் மேல் வருகிற வெள்ளைத் தாளில் சிவப்பும் வெள்ளையுமாக முடிகயிறு கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு அவிழாத முடிச்சு. ஒரு தடவைக்கு மேல் நடக்கக்கூடாத காரியம் என்பதால். சாவுக்கும் அதே முடிச்சுத்தான், கயிறு மட்டும் கறுப்பு வெள்ளை. பிள்ளை பிறந்தால்தான் இழுத்தால் அவிழ்கிற பூ முடிச்சு.

“இதென்ன கணக்கு பெரியவரே,” என்றாள் ஹத்சுயோ. “இவளுக்கு முன்னாடி ஒரு தடவை அவிழாத முடிச்சு போட்டீங்க. இப்ப மறுபடி ஒண்ணு போடுறீங்க. அப்ப முத முடிச்சு என்னாச்சு?”

“அது அவுந்துடுச்சு.”

“அவிழாத முடிச்சு அவுந்துடுச்சா?”

“ஒட்டுற வேலையைப் பாரு.”

அவள் பார்க்கவில்லை. தனக்கும் ஒரு பார்சல்காரன் வந்திருந்தால் இந்நேரம் தானும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், தன் வீட்டுக்கு வருகிறவன் எரிவாயு மீட்டர் பார்க்கிறவன் ஒருத்தன்தான், அவனும் மீட்டரைத்தான் பார்க்கிறான் என்று சொல்லித் தானே சிரித்தாள். தொமேஸோ சிரிக்கவில்லை. சாவுப் பெட்டி நாற்பது முடித்த கையோடு கல்யாணப் பெட்டியை எடுத்தார். நடுவில் எழுந்திருக்கவும் இல்லை, தேநீர் குடிக்கவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் முப்பத்தாறும் சுவரோரம் அடுக்காகிவிட்டன. முகம் எல்லாம் முன்னால் பார்த்து, சிவப்பு முடிச்சுகள் ஒரே வரிசையில். ஷிஹோ கதவருகே நின்று பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது மாமா என்றாள். தலையைக்கூட அசைக்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

சனிக்கிழமை முற்பகல் இகராஷி பெட்டிகளை விருந்து நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வந்தான். கம்பெனிச் சட்டை இல்லாமல் அவனைப் பார்ப்பது தொமேஸோவுக்கு அதுதான் முதல் தடவை. சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தான், கழுத்தில் விலைச்சீட்டு நூல் ஒன்று தொங்கியது. ஷிஹோ முன்கடையில் ஒரு கிழவிக்கு ஊதுவத்தி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹத்சுயோ வரவில்லை, சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. பின்னறையில் ஆண்கள் இரண்டு பேர்தான்.

இகராஷி குனிந்து முதல் வரிசையில் ஒரு பெட்டியை எடுத்தான். பார்சல்காரனுக்குப் பெட்டியை எடுத்தால் அடியைத் தடவிப் பார்க்கிற பழக்கம். தடவினான். திருப்பினான். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் திருப்பினான். மூன்றாவது. நாலாவது. அப்புறம் முன்கடைப் பக்கத்துக் கதவை ஓசையில்லாமல் இழுத்துச் சாத்தினான்.

“ஐயா,” என்றான். “வாய் கீழ இருக்கு.”

“என்னது?”

“எல்லாத்துக்கும் வாய் கீழ இருக்கு.”

தொமேஸோ அவனை நம்பவில்லை. அவன் கையிலிருந்து பிடுங்கினார். பெட்டியின் முதுகில் காகிதம் சேர்கிற பை, அழகாக, சுருக்கம் ஒன்று இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாவுக்கு.

இது தன் கட்டு இல்லை என்றார். ஹத்சுயோ மாற்றி வைத்திருப்பாள், அவளுக்குப் பேச்சில்தான் கண் என்றார். இல்லை, நீதான் வண்டியில் வேறு எதையோ கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டுக் கதை பண்ணுகிறாய் என்றார். இகராஷி டேப் ஒட்டியிருந்த இடத்தை விரலால் காட்டினான். ஒன்பது வருஷமாக இந்தக் கடைப் பெட்டியைத் தூக்குகிறவனுக்கு டேப் ஒட்டியிருக்கிற இடத்தைப் பார்த்தாலே யார் கட்டினது என்று தெரியும். தொமேஸோவுக்கும் தெரியும். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். முப்பத்தாறும். தப்பித் தவறி ஒன்றாவது சரியாக இருக்குமா என்று தேடினவர் மாதிரி, கடைசிப் பெட்டி வரைக்கும்.

இகராஷி அவர் பக்கத்தில் குத்தவைத்து, தணிந்த குரலில், ஷிஹோவுக்குத் தெரிய வேண்டாம், தன் அம்மாவுக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டாம் என்றான். அம்மா முதலில் முதுகைத்தான் பார்ப்பாள். பார்த்தால் எழுந்து போய்விடுவாள். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, மேல் தாளை மட்டும் உருவி மாற்றிப் போட்டால் என்ன, வாய் மேலே வந்துவிடுமே, அரை மணி நேர வேலை என்று கேட்டான்.

“உள்ள மெழுகுவத்தி தலைகீழா நிக்கும்டா. மூடியைத் தொறந்தா திரி கீழ, காம்பு மேல. அதைக் கல்யாணத்துல குடுப்பியா?”

“அது தோணல.”

“உனக்கு எது தோணுது?”

அதற்குள் கதவு திறந்தது. ஷிஹோ நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊதுவத்தி கட்டின நூல்கண்டு இருந்தது. தரையில் முப்பத்தாறு பெட்டியும் முதுகைக் காட்டிக் கிடந்தன. யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பெட்டிகளைப் பார்த்தாள். இகராஷியைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் முன்கடையில் இருங்கள் என்றாள். அவன் போனான். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, தொமேஸோவுக்கு எதிரில் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள்.

“மாமா. தெரிஞ்சு செஞ்சீங்களா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

“தெரிஞ்சு செய்யிறவன் ஒரு பெட்டி செஞ்சா போதும். முப்பத்தாறுக்கு என் இடுப்பு தாங்காது.”

“நேரா சொல்லுங்க.”

“நேராத்தான் சொல்றேன். தெரிஞ்சு செய்யல.”

“நான் போறது உங்களுக்குப் பிடிக்கல.”

“பிடிக்கல.”

“அந்த ஆளையும் பிடிக்கல.”

“பிடிக்கல. அதுக்காகப் பெட்டியில எதுக்குச் செய்யிறேன்? பிடிக்கலன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு.”

அவள் நூல்கண்டைத் தரையில் வைத்தாள். வெளியே கூரையிலிருந்து பனி ஒரு பாளமாகச் சரிந்து விழுந்தது. இருவருக்கும் தோள் ஒரு தடவை குலுங்கியது. இருவரும் அதைப் பார்க்காததுபோல இருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எப்போதும் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. இன்றைக்குத் தொமேஸோ பேசினார். ஏன் பேசினார் என்று அவருக்கே தெரியாது.

“அன்னிக்கி இருபத்தெட்டுப் பெட்டி. சத்தம் கேட்டப்ப ஒண்ணு கையில இருந்துச்சு. அதைக் கட்டி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன்.”

ஷிஹோ நூல்கண்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

“எந்திரிச்சிருக்கணும்,” என்றார்.

“தெரியும் மாமா.”

“என்ன தெரியும்?”

“நான் ஓடி வந்து பனியைத் தோண்டிட்டு இருக்கேன், நீங்க கையில டேப்போட வந்து நின்னீங்க. விரல்ல ஒட்டியிருந்துச்சு. அன்னிக்கே தெரியும்.”

மூன்று வருஷமாகத் தெரிந்தும் தனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பது அவருக்குள் எங்கேயோ போய் விழுந்தது. விழுந்த இடத்தில் வலி எதுவும் இல்லை. வலித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அவளும் அழவில்லை. எழுந்து இகராஷியைக் கூப்பிட்டாள். மேல் தாளும் கயிறும் கிழியாமல் உருவி வையுங்கள் என்று அவனிடம் சொன்னாள். அலமாரியிலிருந்து புதுக் காகிதக் கட்டை எடுத்து அவிழ்த்தாள்.

நான் கட்டுகிறேன் என்று அவள் காகிதத்தை விரித்தபோது தொமேஸோ தடுத்தார். அவர் கட்டினது என்று அந்த அம்மாளிடம் சொல்லப்போகிற பெட்டியை வேறு யாரும் கட்டக்கூடாது, அது பொய்யாகிவிடும். அவரே விரித்தார், பெட்டியை வைத்தார், புரட்டினார். திருப்பிப் பார்த்தால் வாய் கீழே. கிழித்தார். இரண்டாவது காகிதம். மனதுக்குள் மேலே, மேலே என்று சொல்லிக்கொண்டே புரட்டினார். வாய் கீழே. மூன்றாவது காகிதத்தில் பாதியிலேயே நிறுத்திக் கையைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கையால் நல்லதும் மறு கையால் கெட்டதும் கட்டுவார் என்று கடைத்தெருவில் பேச்சு. இந்த மூன்று வருஷத்தில் அவர் கட்டினதெல்லாம் ஒரே வாய்தான். கை அதையே வைத்துக்கொண்டுவிட்டது. இன்னொன்றை எங்கே போட்டது என்று அதற்கே தெரியவில்லை.

இகராஷி அருகில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷிஹோ வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் முன்னாலிருந்த பெட்டியை எடுத்து, தலைப்பக்கம் அவர் வயிற்றைப் பார்க்க, கால்பக்கம் அவளைப் பார்க்க, திருப்பி வைத்தாள்.

“நீங்க எப்பவும்போலக் கட்டுங்க. நான் பெட்டியை மாத்தி வைக்கிறேன்.”

“இப்படியே முப்பத்தாறுக்கும் நீ உக்காந்திருப்பியா?”

“உக்காந்திருக்கேன்.”

அவர் எப்போதும்போலக் கட்டினார். திருப்பினார்கள். வாய் மேலே பார்த்தது. அவள் அதை வாங்கி இகராஷியிடம் கொடுத்தாள். அவன் தாளைப் போட்டுக் கயிற்றை ஏற்றினான். அடுத்த பெட்டியைத் தலைமாற்றி வைத்தாள். பெட்டி அவர் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. பத்துப் பெட்டிக்குப் பிறகு பேசவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. நடுவில் ஷிஹோ எழுந்து போய் நிஷின் மீன் கருவாட்டையும் சோற்றுருண்டையும் கொண்டுவந்தாள். காகிதத்தில் எண்ணெய் படக்கூடாது என்று மூவரும் அறையின் கோடியில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கருவாட்டில் அந்தக் காரமான சான்ஷோ இலை கொஞ்சம் தூக்கல் என்று இகராஷி சொன்னான். அப்படியானால் உன் அம்மா போடுகிறதைத் தின்னு என்றார் தொமேஸோ. அவள் கருவாடே போடுவதில்லை, எல்லாம் பெர்சிமன்தான், அதனால்தான் ஒன்பது வருஷமாக இந்த வீட்டுச் சமையல் வாசனைக்கு வருகிறேன் என்றான் அவன். ஷிஹோ சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். தொமேஸோ மென்றுகொண்டே இருந்தார். மூன்று மணிக்கு வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் முப்பத்தாறும் முடிந்தன; கடைசிப் பெட்டியை மட்டும் தொமேஸோ தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார், மற்றவை வண்டியில் ஏறின.

விருந்துக்கு வருவேன் என்று அவர் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடத்தின் முன்னால் உட்கார்ந்து கோஹெய்யின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினார். எழுந்து கறுப்புக் கோட்டைப் போட்டார். அது சாவுக்கும் கல்யாணத்துக்கும் பொதுவான கோட்டு, கழுத்துப்பட்டைதான் வேறு. வெள்ளைப் பட்டையைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் விருந்து. பாய் விரித்த நீள அறை, தாழ்ந்த மேசைகள். கிண்ணங்களில் சிப்பிச் சாறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஷிஹோ நீல நிறக் கிமோனோவில் இருந்தாள். இரண்டாம் கல்யாணம் என்பதால் அதிகம் இல்லாமல். அவளுக்குப் பக்கத்தில், முதுகு வளைந்து, தோல் காய்ந்த பெர்சிமன் நிறத்தில் ஒரு கிழவி. அதுதான் ஃபுமி. தொமேஸோ வாசலில் நின்றதும் அறையில் பேச்சு நின்றது. ஷிஹோ எழப்போனாள். கிழவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தொமேஸோ கையில் கொண்டுவந்த துணி மூட்டையை அவிழ்த்து ஒரு பெட்டியை எடுத்தார். நேற்றுக் கட்டினதில் கடைசிப் பெட்டி அது. கிழவிக்கு எதிரில் உட்கார்ந்து, பெட்டியின் முகம் அவளைப் பார்க்க, இரண்டு கையாலும் தள்ளி வைத்தார்.

கிழவி அதை எடுத்தாள். திருப்பினாள். முதுகைப் பார்த்தாள், விரலால் காகிதத்தின் வாயைத் தடவினாள். ஷிஹோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க கட்டினதா?”

“நான் கட்டினது. பெட்டியை மாத்தி வச்சது இவ.”

“அப்படின்னா?”

“மொதல்ல கட்டினப்ப முப்பத்தாறும் வாய் கீழ விழுந்துடுச்சு. வேணும்னு செய்யல. கை அப்படிப் போயிடுச்சு. நேத்து மறுபடி கட்டினோம்.”

அறையில் யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். இகராஷி கண்ணை மூடிக்கொண்டான். கிழவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தொமேஸோவை நேராகப் பார்த்தாள். மனப்பூர்வமாகத்தான் கொடுக்கிறாரா என்று கேட்டாள்.

“இல்ல.”

“இல்லையா?”

“கை குடுக்குது. உங்க மகன் நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரியாது. இவ அங்க நல்லா இருப்பாளான்னும் தெரியாது. ஆனா இவ எங்க வீட்டுலேர்ந்து துரத்திவிட்டு வந்தவ இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

கிழவி பெட்டியைத் தன் பக்கத்தில், மற்றப் பெட்டிகளோடு சேர்க்காமல், தனியாக வைத்தாள்.

“ஆமான்னு சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்,” என்றாள். “பிள்ளையைப் பறிகுடுத்த ஆளு மூணே வருஷத்துல மனப்பூர்வமா வந்து நிக்கிறேன்னா, அவரை நான் எப்படி நம்புறது?” ஷிஹோவின் பக்கம் திரும்பி, சாறு ஆறுகிறது, பெரியவருக்கு ஊற்று என்றாள்.

ஷிஹோ ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. தொமேஸோ அந்த ஒரு கிண்ணத்தைக் குடித்தார். உப்பு சரியாக இருந்ததா என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். இன்னும் இருக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை போகவேண்டிய பெட்டிகள் ஐம்பத்திரண்டு இருக்கின்றன என்றார். எல்லாம் போனில் துக்கம் கேட்கிறவர்களுடையது, அழகாக வேண்டுமாம் என்றார். ஷிஹோ படி வரைக்கும் வந்தாள்.

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வருவேன் மாமா.”

“பாப்போம்.”

“வருவேன்.”

“பனி பேஞ்சா?”

“பேஞ்சாலும்.”

காலணியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். இகராஷி பின்னாலேயே ஓடிவந்து, வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றார். மாப்பிள்ளை விருந்தை விட்டுவிட்டு வருவானா என்றார். அவன் குனிந்து கும்பிட்டபடியே நின்றான். எவ்வளவு நேரம் நின்றானோ, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கடையின் பக்கவாட்டில் அவனுடைய வண்டி நின்றது. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி துடைக்கிற வைப்பரைத் தூக்கி நிறுத்தாமல் கண்ணாடியோடு படுக்கவிட்டுப் போயிருந்தான். ஒரு மணி நேரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும்; இழுத்தால் ரப்பர் கிழியும். அந்த ஊரில் பிறந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். நாற்பத்தாறு வயது ஆளுக்கு, அதுவும் வண்டி ஓட்டியே சாப்பிடுகிறவனுக்குத் தெரியவில்லை. இவனை நம்பித்தான் போகிறாளாம்.

தொமேஸோ வண்டியைத் தாண்டி, பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன் கரையைப் பார்த்து நடந்தார்.